பாடை நின்ற கடற்கரை

ஊற்றுத்தீவில் உழைப்பவர் ஒருவரும் இல்லை; உழைப்பு மட்டும் இருந்தது.

காலையில் கண் விழித்தால் கட்டிலருகே காப்பி ஆவி பறக்கக் காத்திருக்கும். கொண்டுவந்து வைத்த கை எதுவென்று தெரியாது. அருவியில் குளித்துத் திரும்பினால் கசங்கிய விரிப்பு மாறியிருக்கும், ஈரத்துணி உலர்ந்து மடிந்திருக்கும், இளநீர் சீவிய நிலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முந்தின நாள் விருந்தில் எறிந்த எலும்பும் இலையும் எங்கே போயின என்று தெரியாது. மணற்பரப்பு பெருக்கி வைத்த கூடம்போல் கிடக்கும். மலையிலிருந்து அருவிகள் இறங்கின. அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றும் குளிர்ந்த ஊற்றும் பக்கத்தில் பக்கத்தில் பொங்கின. இரண்டும் கலந்த ஓடை கடலில் சேரும் இடத்தில் சாய்வு நாற்காலிகள் நீண்ட வரிசையாய்க் கிடந்தன. அவற்றில் மனிதர்கள் கிடந்தார்கள். அவசரம் என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை.

சொற்பொழிவாளர் செம்பியனும் அவர் மனைவி தேன்மொழியும் அங்கு வந்து சில நாள் ஆகியிருந்தன. தொண்டை புண்ணாகும்வரை ஊர் ஊராக முழங்கியவரை, கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று இயக்கத் தோழர்கள் வற்புறுத்திக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். மக்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதே தம் தொழில் என்று மேடைதோறும் சொன்னவர் அவர். அந்த மனிதர், தீவில் இறங்கிய நாள்முதல், இந்தக் காப்பியைப் போட்டது யார் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

வந்திறங்கிய அன்று படகுத்துறையில் சீருடைப் பெண் ஒருத்தி ஆளுக்கொரு சிறு குப்பியைக் கொடுத்து, கண்ணில் சொட்டும் விட்டாள்.

"கண்ணு கூசாம இருக்கும் சார். தெனம் காலையில ஒரு சொட்டு விட்டுக்குங்க. அருவியில நிக்கும்போது மட்டும் கண்ணத் திறக்காதீங்க, கழுவிட்டுப் போயிடும்."

அதையும் அவர் ஏனென்று கேட்கவில்லை.

பின்னொரு நாள் காலை அருவியின் கீழ் நின்றபோது, விழும் நீரை உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்றொரு ஆசை. கண்ணைத் திறந்தார். வெயில் நீருக்குள் உடைந்து ஆயிரமாய்ச் சிதறியது. நெடுநேரம் திறந்த கண்ணோடு நின்றுவிட்டு, சிறு பிள்ளைபோல் மகிழ்ந்து, கடற்கரைக்குத் திரும்பி, வரிசையின் முதல் நாற்காலியில், மனைவியின் பக்கத்தில், நெடுநேரம் சாய்ந்து கிடந்தார்.

"நேத்து மாதிரி இன்னிக்கும் தண்ணி செவப்பா வந்துதா?" என்றார் தேன்மொழி. கால்களை மணலில் புதைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, தெளிவா இருந்துது. நேத்து வந்தது மலைமண்ணு. இரும்புச் சத்து. மழையில கரைஞ்சு வரும்."

"மழையே பெய்யலையே."

"மேல பெஞ்சிருக்கும்."

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இந்த உலகத்துல உண்டா? மீனு?"

"எந்த மீனு?"

"கால மீனு கடிக்குதுன்னு நேத்து ஒதறிக்கிட்டுச் சிரிச்சீங்களே. இன்னிக்கிக் கடிக்கலையா?"

"இன்னிக்கி இல்ல" என்று சிரித்துக்கொண்டே இளநீரை எடுத்தார் செம்பியன்.

அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தார். அவருடைய நாற்காலிக்கு நேரெதிரே, மணலில், வெடித்த குதிகாலோடு ஒரு வெறுங்கால் நின்றது. வெயிலின் மயக்கம் என்று கண்ணைக் கசக்கினார். கால் இரண்டாயிற்று. அதன்மேல் நீலத்துணி தெரிந்தது, துணிக்கு மேல் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் ஆண்கள், முதியவர்கள், இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய். பனி விலக விலக ஊர் தெரிவதுபோல் ஒரு கூட்டம் தெரிந்தது. எல்லாரும் ஒரே நீலம் உடுத்தியிருந்தனர். நடுவில், மணலில், மூங்கில் பாடையொன்று. அதன்மேலும் அதே நீலத்துணி.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவருடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இளநீர் கையிலிருந்து விழ, துள்ளி எழுந்தார் செம்பியன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. நால்வர் குனிந்து பாடையைத் தோளுக்கு ஏற்றினர். ஒரே ஒரு எட்டு வைத்தனர். தேன்மொழியின் நாற்காலிக்கு எதிரே மறுபடியும் மணலில் இறக்கி வைத்தனர். இப்போது எல்லாக் கண்களும் தேன்மொழியின் முழங்கால்கள்மேல்.

"யாரு நீங்க? எப்ப வந்தீங்க?" என்றார் செம்பியன்.

முன்னால் நின்ற பெண் திடுக்கிட்டாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

"தொரைக்குக் கண்ணு தெரியுதா?"

"தெரியுது. தொரைன்னு கூப்பிடாதீங்கம்மா."

"வேற எப்படிக் கூப்புடறது? உங்க ஆளுங்களக் கூப்புட்டே பல காலமாச்சு. பழைய வார்த்தைதான் வாயில நிக்கிது." நெற்றி வியர்வையை நீலத் தலைப்பால் துடைத்தாள். "எம்பேரு செவத்தி. உங்க ரூம்பு எங்க பொறுப்புதான். வெயில் ஏறறதுக்கு முன்னாடியே வந்துட்டோம். நீங்க வர்றவரைக்கும் இது காலி நாக்காலி. நாங்க நெருங்கறதுக்குள்ள வந்து ஒக்காந்துட்டீங்க."

"நான் வந்து நெடுநேரம் ஆச்சே."

"ஆமா. அவ்வளவு நேரமும் நிக்கிறோம்."

தேன்மொழி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். "யாரோட பேசறீங்க? காத்தோடயா?"

"கொஞ்சம் பொறு, தேனு." செவத்தியிடம் திரும்பினார். "ஏம்மா, எனக்கு ஏன் தெரியல?"

"கண்ணுல விடற மருந்து அப்படி. இந்தத் துணியில ஒரு நூலு ஓடுது. இந்த நூலு இருக்கற எதையும் உங்க மூளை எடுத்துக்காதாம். நாங்க பேசினா அலைச் சத்தமா போயிடுமாம். வேலைக்குச் சேரும்போதே எங்களுக்குச் சொல்லிட்டாங்க. விருந்தாளிங்களுக்குக் காடும் மலையும் காலியா இருக்கணுமாம். ஏன், உங்ககிட்டச் சொல்லலையா?"

"இல்ல."

"கேட்டீங்களா?"

செம்பியன் கீழே விழுந்து கிடந்த இளநீரைப் பார்த்தார்.

"மருந்து கண்ணத்தான் மறைக்கும் தொர. கேக்கற வாய மறைக்காது." குற்றம் சாட்டும் குரலாக இல்லை, களைத்த குரலாக இருந்தது. அதனால்தான் அது அடித்தது.

தோழர்களே என்று விளித்து அவர் முழங்கிய மேடைகள் எத்தனை! சில மனிதர்கள் தெருவில் வருமுன் குரல் கொடுத்து வர வேண்டும், அவர்கள் உருவம் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒரு காலம் இந்த மண்ணில் இருந்ததே என்று சொல்லி, ஆயிரக்கணக்கானோரை அவர் அழ வைத்திருக்கிறார். தீட்டுப் பார்த்த அந்தக் கொடுமைக்காரனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிரமமாவது இருந்தது. செம்பியனுக்கு அதுவும் இல்லை. இமையை விரித்துக் காட்டி, சொட்டு விட்டுக்கொண்டு, நன்றியும் சொல்லியிருந்தார். ஆண்டாண்டாக எந்தப் பார்வையை எதிர்த்து நின்றாரோ அந்தப் பார்வையைக் குப்பியில் அடைத்துக் கொடுத்தார்கள். அதை அவர் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். முகம் காந்தியது. வெயில் காரணமில்லை.

"துணியக் கழட்டிட்டு நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே!"

"கழட்டினா அடுத்த படகுல ஏத்திவிட்டுடுவாங்க. இந்தத் தீவ விட்டா எங்களுக்கு ஊரேது? தென்னந்தோப்பு போடறதுக்கு எங்க முப்பாட்டனுங்களக் கூட்டியாந்து எறக்கின மண்ணு இது."

"செத்தவங்களுக்குமா துணி?"

"செத்தவங்களுக்குத்தான் மொதல்ல."

"அப்ப என்னைத் தாண்டிப் போயிருக்கலாமேம்மா. வழி இருக்கே. எனக்குத்தான் தெரியாதே."

கூட்டத்தில் ஒரு முதியவர் காறித் துப்பினார். செவத்தி அவரைக் கையமர்த்தினாள்.

"தோப்புக் காலத்துல எங்க பொணம் போகும்போது வெள்ளக்காரத் தொர நாக்காலியில கால்மேல கால் போட்டு ஒக்காந்திருப்பானாம். ஒருநாள் எங்காளுங்க பாடையை அவன் முன்னாடி எறக்கி வச்சிட்டு நின்னுட்டாங்க. அடிச்சான், நகரல. சுடுவேன்னான், நகரல. கடைசியில எந்திரிச்சான். அன்னியிலேருந்து, ஒக்காந்திருக்கறவன் எந்திரிக்காம எங்க பாடை தாண்டாது. எங்களுக்கு ஒரு தொரை தந்த ஒரே மரியாதை அதுதான். அதையும் விட்டுட்டா எங்ககிட்ட என்ன இருக்கு? வழக்கமா நீங்க சாப்பிடப் போற நேரம் பாத்துக் கொண்டு போயிடுவோம். இன்னிக்கிச் சாப்பாடே கரைக்கு வரப்போகுது. யாரும் எந்திரிக்க மாட்டாங்க." அவள் கடலைக் காட்டினாள். தூரத்தில் ஒரு மணல்திட்டும், அதற்குப் போகும் ஒல்லியான மணல்வழியும் தெரிந்தன. வழியின் இருபுறமும் அலை நக்கிக்கொண்டிருந்தது. "அதான் எங்க இடுகாடு. தண்ணி ஏறிட்டா வழி மூடிக்கும். நாளைக்கித்தான் திறக்கும். இந்த வெயில்ல பொணம் தாங்காது தொர."

"யாரும்மா இறந்தது?"

"எந்தம்பி. காத்தமுத்து. அருவிப் பாறையில பாசி சொரண்டற வேலை. நீங்க வழுக்கி விழுந்துடக் கூடாதுல்ல. நேத்து அவன் விழுந்துட்டான்."

"எந்த அருவி?"

அவள் குனிந்து பாடையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க குளிச்சீங்களே, அதான். உங்க பக்கத்துலதான் விழுந்தான். மண்டை ஒடைஞ்சிருந்தது. நாங்க மேலேருந்து எறங்கி வர்றதுக்குள்ள உங்க காலப் புடிச்சிருக்கான்."

செம்பியன் அவள் வாயையே பார்த்தார்.

"நீங்க ஒதறிட்டீங்க."

இரும்புச் சத்து. மலைமண். மீன். தம் வாயிலிருந்து எவ்வளவு தெளிவாக, எவ்வளவு அழகான விளக்கங்கள்! அவர் மணலில் உட்காரப் போனார். "ஒக்காராதீங்க!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கத்தின. விறைத்து நிமிர்ந்தார். விழுந்து அழும் உரிமைகூட அந்த நேரத்தில் அவருக்கு இல்லை.

"தேனு, எந்திரி."

"எதுக்கு? முட்டி வலிக்குது. ஒரு காரணம் சொல்லுங்க."

"உன் காலடியில ஒரு பொணம் இருக்கு. கூட முப்பது நாப்பது பேரு நிக்கிறாங்க. உனக்குத் தெரியாது. அந்த மருந்து மறைக்குது."

தேன்மொழி வெறும் மணலைப் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் மேடைக்கான எதுவும் இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"பொய்யா இருந்துதுன்னா, ஊருக்குப் போறவரைக்கும் உங்களோட பேச மாட்டேன். அது உங்களுக்கு இனிப்பாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் காலடி மணலை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

பாடை ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்பால் நீண்ட வரிசை. அத்தனையிலும் ஆட்கள். அலை மணல்வழியின் ஓரத்தை அரித்துக்கொண்டிருந்தது.

செம்பியனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வரிசைக்கு முன்னால் போய் நின்று, கையை உயர்த்தினார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இந்த மணல் காலியாக இருக்கிறதென்று நம்புகிறீர்களே, இதைப் பெருக்கிய கை எங்கே என்று கேட்டீர்களா? உங்கள் வாய்க்குச் சோறு வந்ததே, அதைச் சுமந்த தோள் எங்கே என்று தேடினீர்களா? இதோ, உங்கள் காலடியில் ஒரு தொழிலாளியின் உடல் கிடக்கிறது! நீங்கள் வழுக்காமல் குளிக்க, அவன் வழுக்கிச் செத்தான்! அவனுக்காக உங்கள் உயிரைக் கேட்கவில்லை, உடைமையைக் கேட்கவில்லை. எழுந்து நில்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்! நிற்பதற்குக் கால் இருந்தும் நிற்காதவன்…"

அவர் வாழ்நாளில் அதைவிட உண்மையாகப் பேசியதில்லை. ஒவ்வொரு சொல்லும் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. முடித்தபோது மூச்சு வாங்கியது.

கரை முழுவதும் கைதட்டல் எழுந்தது.

உட்கார்ந்தபடியே தட்டினார்கள். சாய்ந்தபடியே சீட்டியடித்தார்கள். ஒருவர் கருப்புக் கண்ணாடியை உயர்த்தி, "பிரமாதம் சார்! இது தெனமும் உண்டா, இன்னிக்கு மட்டுமா?" என்றார். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா பேசறாரு பாருங்க" என்று பக்கத்தவரிடம் சொல்லி, காலை இன்னும் வசதியாக நீட்டிக்கொண்டார்.

செவத்தியும் கூட்டமும் அந்தக் கைதட்டலின் நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்கச் செம்பியனால் முடியவில்லை. இத்தனை காலமும் தாம் பெற்ற கைதட்டல்களும் இப்படித்தானோ என்ற ஐயம் அவரைத் தேள்போல் கொட்டியது.

தேன்மொழி அவர் தோளைத் தொட்டார். "நீங்க பேசினா தட்டுவாங்க. எந்திரிக்க மாட்டாங்க. தள்ளுங்க."

வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "எறா வறுவல் ஆரம்பிச்சாச்சு! ஊத்துப் பக்கம்! சூடா இருக்கு, கொஞ்சந்தான் இருக்காம்!"

கரை எழுந்தது. துண்டுகள் பறந்தன, செருப்பைத் தேடியவர்கள் தேடுவதை விட்டு ஓடினார்கள், கண்ணைத் துடைத்த அம்மாள் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். பாடை தோளேறியது. ஒவ்வொரு நாற்காலியாக, காலி, காலி, காலி என்று கடந்தது. செம்பியன் கூடவே ஓடினார்.

கடைசி நாற்காலியில் பாடை நின்றது. ஜவுளிக்கடை அதிபர் ஒருவர் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார். இறால் அவரை எழுப்பவில்லை.

"சார்! எழுந்திருங்க சார்!" செம்பியன் உலுக்கினார். அவர் புரண்டு படுத்தார். மணல்வழியின்மேல் முதல் அலை ஏறி இறங்கியது. செம்பியன் குனிந்து, அந்தப் பெருத்த உடலின் அக்குளில் கைகொடுத்து, பல்லைக் கடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"யோவ்! யாருய்யா நீ? பைத்தியமா?" என்று அதிபர் அலறினார், நின்றபடி.

"ஆமா சார். கொஞ்ச நேரம் நில்லுங்க. திட்டறத நின்னுக்கிட்டே திட்டுங்க."

அதிபர் திட்டத் திட்ட, காத்தமுத்து அவரைக் கடந்து போனான்.

மணல்வழியின் வாயிலில் தண்ணீர் கணுக்காலளவு வந்திருந்தது. பாடை முன்னால் இறங்க, கூட்டம் பின்தொடர, செம்பியனும் தண்ணீரில் காலை வைத்தார். செவத்தி திரும்பி நின்றாள்.

"போதும் தொர. நீங்க வராதீங்க."

"ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்துடறேன்மா. அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்ககிட்டக் கேக்கணும்."

"கேப்பீங்க. கேட்டா நாங்க பரவால்லன்னு சொல்லணும். அதச் சொல்ல இன்னிக்கி எனக்குத் தெம்பில்ல."

அவர் தண்ணீரிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"அந்தக் குப்பி இருக்கா?" என்றாள்.

"எந்தக் குப்பி?"

"மருந்து. வச்சிருந்தா கண்ணுல விட்டுக்குங்க."

"அம்மா, அது வேணாம்! அந்தப் பாவத்த இனிமே செய்ய மாட்டேன். ஊருக்குப் போனதும் மேடை மேடையா…"

"மேடை கெடக்கட்டும். நாங்க அழணும் தொர." முதல்முறையாக அவள் குரல் உடைந்தது, உடனே இறுக்கிக்கொண்டாள். "நேத்திலேருந்து அடக்கி வச்சிருக்கோம். உங்க ஆளுங்க பாக்கும்போது எப்படி அழறதுன்னு எங்களுக்கு மறந்துபோச்சு. யாரும் பாக்காமயே பொறந்து, யாரும் பாக்காமயே அழுது பழகிட்டோம். நீங்க இங்க கண்ணத் தொறந்துக்கிட்டு நின்னா, எந்தம்பிக்கு ஒப்பாரி வராது."

"திரும்பி நின்னுக்கறேன்மா."

"காது?"

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாடை நடுவழியில் அவளுக்காக நின்றது. செம்பியன் சட்டைப்பையில் கைவிட்டார். குப்பி இருந்தது. ஒரு கண்ணிலும் மறுகண்ணிலும் விட்டுக்கொண்டார்.

முதலில் குரல்கள் போயின. யாரோ ஒருவர் அழத் தொடங்கிய முதல் ஒலி எழும்போதே அது அலையோசையாக மாறிற்று. செவத்தியின் முகம் வெளுத்து, பின்னாலிருந்த கடல் அதன் வழியே தெரிந்தது. நீலத்துணிகள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன. பாடை சற்றுநேரம் கானல்போல் மிதந்து, அதுவும் மறைந்தது. தண்ணீர்மேல் ஒரு வெண்மணல் கோடு நீண்டு கிடந்தது. அதன் முனையில் திட்டு. பச்சையும் நீலமுமாய் நாலாபுறமும் கடல். வெயிலில் ஒரு கொக்குக்கூட்டம் மெல்ல வட்டமிட்டு இறங்கியது.

தேன்மொழி வந்து பக்கத்தில் நின்றார். "போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"தெரியல. எனக்கும் இப்பத் தெரியாது."

"என்ன தெரியுது?"

செம்பியன் பார்த்தார். உடம்பின் இறுக்கம் தளர்ந்தது. மனம் வேண்டாம் வேண்டாம் என்று மறுக்க மறுக்க, நெஞ்சுக்குள் ஓர் இதம் பரவிற்று.

"ரொம்ப அழகா இருக்கு, தேனு" என்றார்.

சொன்ன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.